நேற்றைக் கேட்பவர்கள்

கடவுளால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா? இந்தப் புதிரை ஏதோ ஒரு வயதில் எல்லோரும் கேட்டுவிடுகிறோம். என் காதில் விழுந்தது கல்லூரி விடுதியின் மொட்டைமாடியில். முடியும் என்றால் தூக்க முடியாமல் நிற்கிறார். முடியாது என்றால் படைக்க முடியாமல் நிற்கிறார். எப்படிப் பார்த்தாலும் சர்வவல்லமை காலி. கேட்டவன் அதோடு கதை முடிந்தது என்று மல்லாந்து படுத்துக்கொண்டான். பக்தியுள்ள பையன் ஒருவன் மட்டும் வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தத்துவத் துறைக்காரர்கள் இதைச் சில பக்கங்களிலேயே தீர்த்துக்கொண்டார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. சர்வவல்லவரால் தூக்க முடியாத கல் என்பது தன்னையே மறுக்கும் சொற்கூட்டு, அப்படி ஒரு பொருளே கிடையாது, எனவே அதைப் படைக்காதது ஒரு குறையும் ஆகாது என்று 1963இல் ஜார்ஜ் மாவ்ரோடிஸ் எழுதினார். அடுத்த ஆண்டே ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் இன்னும் குறும்பாக மடக்கினார்: தன்னால் தூக்க முடியாத கல்லைப் படைக்கும் அளவுக்கு முரண்பாட்டைச் செய்ய வல்லவர் என்றால், பிறகு அதைத் தூக்குவது என்கிற இன்னொரு முரண்பாட்டைச் செய்ய மட்டும் அவருக்கு என்ன தடை? இரண்டும் கெட்டிக்காரத்தனமான பதில்கள். ஆனால் அந்தக் கல் எனக்கு ஒருநாளும் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. அதை வேண்டி யாரும் விரதம் இருப்பதில்லை. சதுர வட்டத்துக்காக மொட்டை போட்டவர் எவருமில்லை. தர்க்கம் கடவுளுக்கும் வேலி போடுகிறதா என்பதை இப்படி யாருக்கும் வேண்டாத பொருளை வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், அந்த வேலி எங்கே குத்துகிறது என்று தெரியவே தெரியாது. குத்துகிற இடம் வேறு. நடந்து முடிந்ததை நடக்காததாக ஆக்க முடியுமா? மனிதர்கள் கேட்பது இதைத்தான், வாய்விட்டும் வாய்விடாமலும்.

பரிசோதனைக் கூடங்களின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். உள்ளே பயாப்ஸிக்கு எடுத்த சதைத்துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டியில் புதைந்து, நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றப்பட்டுவிட்டது. பார்க்க வேண்டியதைப் பார்த்து, தட்டச்சு செய்து, உறைக்குள் போட்டு, பின் அடித்து கவுண்டரில் அடுக்கி வைத்தாகிவிட்டது. வெளியே ஒரு பெண் கைப்பைக்குள் விபூதிப் பொட்டலத்தை விரலால் தடவிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். இனி வரப்போகும் எதையும் அவர் கேட்கவில்லை. அந்த உறைக்குள் இருப்பது வேறாக இருக்க வேண்டும் என்கிறார். அதாவது போன மாதமே, ஒருவேளை போன வருடமே, அந்த உயிரணுக்கள் வேறு மாதிரி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறார். தேர்வு எழுதிவிட்டு முடிவு வரும்வரை பிள்ளையாரைச் சுற்றுகிற மாணவனும் இதையே செய்கிறான். விடைத்தாளில் மை காய்ந்து எத்தனையோ நாளாகிறது. தர்க்கம் படித்தவன் இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். நானும் தர்க்கம் கொஞ்சம் படித்தவன்தான். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் உதடு அசைகிறது. அந்த நேரத்தில் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்பது, உறையைப் பிரித்து எல்லாம் சரி என்று தெரிந்து வீடு வந்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தச் சங்கடம் யூத குருமார்களுக்கு வெகு காலத்துக்கு முன்பே எழுந்திருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பெராகோத் என்ற பகுதியில், வீண் பிரார்த்தனை எது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் வருகின்றன. மனைவி கருவுற்ற பிறகு ஆண் பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டுவது வீண். வெளியூர் போய்த் திரும்புகிறவன் ஊர் எல்லையில் ஒப்பாரியைக் கேட்டு, அது என் வீட்டுச் சத்தமாக இருக்கக் கூடாது என்று வேண்டுவதும் வீண். இரண்டாவதைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. அழுகுரல் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீடு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதை மாற்றக் கேட்பது இன்னொரு வீட்டின் தலையில் அதைத் தள்ளிவிடக் கேட்பதும் ஆகும். மிஷ்னா இதைச் சொல்லவில்லை, எனக்குத்தான் தோன்றுகிறது. ஆனால் மிஷ்னாவுக்கு உரையாக எழுந்த தால்முத் இதோடு அடங்கிப் போய்விடவில்லை. யாக்கோபின் மனைவி லேயாள் வயிற்றிலிருந்த ஆண் கரு, அவள் வேண்டிக்கொண்டதும் பெண்ணாகித் தீனாள் என்று பிறந்ததே, அது எப்படி என்று ஒரு குரல் எழுகிறது. அதற்குச் சொல்லும் பதில்களில் ஒன்று: அற்புதங்களை மேற்கோள் காட்டி வழக்காடக் கூடாது. இன்னொன்று: அது கருவுற்ற நாற்பது நாளுக்குள் நடந்தது. இந்த நாற்பது நாள்தான் என்னைக் கவர்கிறது. கடவுளின் வல்லமை எங்கே முடிகிறது என்ற பெரிய கேள்விக்கு, மருத்துவச்சி சொல்வதுபோல் ஒரு கெடு வைத்துப் பதில் சொல்லிவிட்டார்கள். 1964இல் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் இதே பிரார்த்தனையை மறுபடி கையில் எடுத்தார். அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கி இரண்டு மணி நேரமாகிவிட்டது, பிழைத்தவர் சிலரே என்று வானொலி சொல்கிறது. அந்தக் கப்பலில் மகன் இருந்தான். தப்பியவர்களில் அவனும் இருந்திருக்கட்டும் என்று தகப்பன் அந்தக் கணத்தில் வேண்டுகிறான். இது மடமையா? டம்மெட் அப்படி நினைக்கவில்லை. இந்தத் தகப்பன் இந்த நேரத்தில் இப்படி வேண்டுவான் என்பது கப்பல் மூழ்குவதற்கு முன்பே கடவுளுக்குத் தெரியும். எனவே அந்தக் கோரிக்கை தாமதமாகப் போய்ச் சேரவில்லை. தகப்பன் கேட்டது நடந்ததை மாற்றச் சொல்லியல்ல, என்ன நடந்தது என்று தனக்குத் தெரியாத நேரத்தில், அது நல்லதாக நடந்திருக்கட்டும் என்றுதான். கல் புதிரைப் பற்றிய ஃபிராங்க்ஃபர்ட்டின் குறிப்பு வெளியானதும் டம்மெட்டின் கட்டுரை வந்த அதே ஏட்டில், அதே ஆண்டில் என்பதைக் கவனித்தபோது, ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் சீட்டாட்டமும் அடுத்த மாடியில் மரணப்படுக்கையும் இருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது. டம்மெட்டின் வாதத்தை வைத்துக்கொண்டு அந்த விபூதிப் பொட்டலப் பெண்ணைக் காப்பாற்றிவிடலாம். உறை பிரிக்கப்படாத வரை. பிரித்துப் படித்த பிறகும் உதடு அசைகிறவர்களை என்ன செய்வது?

அப்படிப்பட்டவர்களின் கட்சியை எடுத்துக்கொண்டு வாதாடியவர் என்று வரலாறு ஒருவரைச் சொல்கிறது. இத்தாலியில் ஃபோந்தே அவெல்லானா மடத்துத் துறவி, பிறகு ஓஸ்தியாவின் கர்தினால் ஆயர், பீட்டர் தாமியான். ஒருநாள் மோந்தே கசினோ மடத்தில் அதன் தலைவர் தெசிதேரியுஸோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சில் திருச்சபைத் தந்தை ஜெரோமின் வாக்கு ஒன்று வருகிறது. 384இல் ரோம் நகரில் யூஸ்தோகியம் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாம் வல்ல கடவுளாலும் வீழ்ந்த கன்னியை மறுபடி கன்னியாக்க இயலாது என்ற பொருளில் ஜெரோம் எழுதியிருந்தார். எனக்கு இது எப்போதுமே பிடிக்கவில்லை என்கிறார் தாமியான். கடவுள் அதைச் செய்ய விரும்புவதில்லை, ஆகவே செய்ய இயலாது என்று பொருள் கொள்ளலாமே என்கிறார் தெசிதேரியுஸ். அப்படியானால் அவர் செய்யாத எதையும் அவரால் செய்ய முடியாது என்றல்லவா ஆகும் என்று தாமியான் திரும்புகிறார். பந்தி முடிந்தும் மனம் அடங்காமல், 1065 வாக்கில், தெசிதேரியுஸுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதுகிறார். மணமாகாத இரண்டு ஆண்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கடவுளின் வல்லமையை அளக்க, ஒரு பெண்ணின் உடலை முழக்கோலாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. திருடிய கையை, பொய் சொன்ன நாவை, கொலை செய்த ராஜாவை எடுத்துக்காட்டாக வைத்திருக்கலாம். மாற்றவே முடியாத கறை எது என்று தேடும்போது அவர்கள் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. ஆனாலும் தாமியானின் மனம் ஜெரோமின் மனத்தைவிட இளகியது என்று நினைக்கிறேன். இழந்தவளுக்கு இழந்ததைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாத கடவுளை அவரால் வணங்க முடியவில்லை.

கடிதம் போகப் போகக் கேள்வி கூர்மையாகிறது. உடலைச் சீராக்கலாம், மனத்தைத் தூய்மையாக்கலாம். இழந்தாள் என்பதையே இல்லாததாக்க முடியுமா? ஆதியில் நிறுவப்பட்ட ரோம் நகரை நிறுவப்படாமல் இருந்ததாகக் கடவுள் செய்ய முடியுமா? இதைக் கேட்பவர்களை தாமியான் கடிந்துகொள்கிறார். தர்க்கம் இறையியலுக்குப் பணிப்பெண்ணாக இருக்க வேண்டியது, எஜமானிக்கு முன்னால் நடக்கக் கூடாது என்கிறார். அதே மூச்சில் தர்க்கத்தையே எடுத்து எதிராளியைக் குத்தவும் செய்கிறார்: நடந்தது நடந்துதான் ஆக வேண்டும் என்றால், நடந்துகொண்டிருப்பதும் நடக்கும்போது நடந்துதான் ஆக வேண்டும், நாளை நடக்கப்போவதும், நடக்கப்போகிறது என்பது உண்மையானால், நடந்துதான் ஆக வேண்டும். இந்த வழியில் போனால் நேற்றை மட்டுமல்ல, இன்றையும் நாளையும்கூடக் கடவுளிடமிருந்து பிடுங்கிவிடுவீர்கள். கடவுளுக்கு நேற்று என்று ஒன்றில்லை, எல்லாம் அவர் முன் ஒரே நிகழ்வாக நிற்கிறது. ரோம் உண்டாகும் முன்பு அதை உண்டாக்காதிருக்க எந்த வல்லமை இருந்ததோ அது அப்படியே இப்போதும் இருக்கிறது. இதன் பொருள் கடவுள் கடந்ததை அழிக்க முடியும் என்பதா, அல்லது காலத்துக்கு வெளியே நிற்பவரைப் பற்றிக் காலத்துக்குள் இருக்கும் வினைச்சொற்களால் கேட்பதே தவறு என்பதா? அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதத்தின் தடுமாற்றமே முக்கியமாகப் படுகிறது. முடியும் என்று அவர் நெஞ்சு சொல்கிறது, எப்படி என்று கேட்டால் வாக்கியம் குழம்புகிறது. அதே நூற்றாண்டில் கார்தோபாவில் இஸ்லாமிய அறிஞர் இப்னு ஹஸ்ம் இதைவிடத் துணிந்து, முரண்பாடுகளையும் இறைவனின் வல்லமைக்கு உள்ளேயே வைத்தார். ஒரு தலைமுறை கழித்து வந்த கஸ்ஸாலியோ, நெருப்பு பஞ்சை எரிப்பதைக்கூட இயற்கையின் கட்டாயம் என்று ஒப்பாதவர், இந்த இடத்தில் நின்றுவிட்டார்: ஒன்றை உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருசேர இருக்கச் செய்வது வல்லமைக்குள் வராது என்றார்.

இந்த வழக்கில் ஐரோப்பா பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் சொன்னது. முரண்பாடு என்பது ஒரு பொருளே ஆகாது. செய்யப்படுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகையால் கடவுளால் அதைச் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்பட முடியாதது என்று சொல்வதே பொருத்தம். சாக்ரடீஸ் உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்திருக்கவில்லை என்பது முரண்பாடு. எனவே கடந்ததை நடக்காததாக்குவதும் முரண்பாடு. கெட்டவளின் உடற்கேட்டையும் மனக்கேட்டையும் கடவுள் நீக்கலாம், கெட்டிருந்தாள் என்பதை நீக்க முடியாது. அவருக்குப் பதினாறு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே அகத்தோன் என்ற கிரேக்கக் கவி ஏறக்குறைய இதையே சொன்னதாக அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தீர்ப்பில் ஓட்டை எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதுதான் தொந்தரவு. மகனைப் பறிகொடுத்தவளிடம் போய், அம்மா, நீங்கள் கேட்பது கடவுளின் வல்லமைக்கு அப்பாற்பட்டது என்றால் அவள் அழுவாள். நீங்கள் கேட்பது ஒரு பொருளே அல்ல, உங்கள் வாயிலிருந்து வருவது சத்தம் மட்டுமே என்றால்? அக்குவினாஸ் கடவுளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்; அதற்கான விலையை அந்தத் தாய் கொடுக்கிறாள். அவளுக்கோ தான் கேட்பது வெள்ளைத் தண்ணீராகத் தெளிந்திருக்கிறது. சதுர வட்டத்தை என்னால் கற்பனை செய்ய முடியாது. அன்று காலை அவன் பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் போயிருந்தால் என்பதை ஒவ்வொரு நிறுத்தமாகக் கற்பனை செய்ய முடியும், செய்துகொண்டேதான் இருக்கிறோம்.

சரி, வேலியையே பிடுங்கி எறிந்துவிட்டால் என்ன? தெக்கார்த் அதைச் செய்து பார்த்தார். 1630இல் நண்பர் மெர்சேனுக்கு எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளையும் கடவுளே, அரசன் நாட்டுக்குச் சட்டம் போடுவதுபோல் நிறுவினார் என்றார். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு இழுக்கும் கோடுகள் சமமாக இல்லாதபடி செய்யவும் அவருக்குச் சுதந்திரம் இருந்தது என்றார். படிக்கும்போது முதலில் ஒரு விடுதலை. அடுத்து ஒரு குளிர். முரண்பாட்டையும் செய்ய வல்லவர், உன்னைக் கைவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கைவிடாமலே கைவிடவும் வல்லவர். அவர் வாக்குக்குப் பிடிமானம் எது? இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் ஒன்றாக நிற்கக்கூடிய உலகில், என் மகன் பிழைத்தான் என்று அவர் சொன்னாலும் நான் அழுகையை நிறுத்த முடியாது.

நம் கதைகளில் வருகிற தெய்வங்கள் இந்த இடத்தில் வேறு வழியில் போகின்றன. இரணியன் வாங்கிய வரத்தைத் திருமால் ரத்து செய்யவில்லை. மனிதனும் மிருகமும் அல்லாத உருவம், பகலும் இரவும் அல்லாத வேளை, உள்ளும் புறமும் அல்லாத வாசற்படி, ஆயுதத்துக்குப் பதில் நகம் என்று, எழுத்துக்கு எழுத்து வரத்தை மதித்து அதன் இடுக்கில் நுழைகிறார். பதினாறு வயதுதான் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்குப் பதினேழாவது பிறந்தநாள் வருவதில்லை, என்றைக்கும் பதினாறு. தேர்ந்த வக்கீல்கள். ஆனால் இவையெல்லாம் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்படுவது பற்றிய கதைகள். நேற்றோடு நேருக்கு நேர் மோதுகிற கதைகள் பெரியபுராணத்தில் இருக்கின்றன. திருப்புக்கொளியூர் அவிநாசியில் சுந்தரர் தெருவழியே போகும்போது ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டிலும் ஒரே வயதுப் பையன்கள். சேர்ந்து குளத்தில் குளித்தபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு அன்று பூணூல் கல்யாணம். எதிர்வீட்டில் அழுகை மூண்டது அதனால்தான். இழந்த மகனுக்கும் இது நடந்திருக்க வேண்டிய வயது. சுந்தரர் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. விழுங்கிய வயதில் அல்ல. இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையும் அப்படித்தான். சிவநேசர் குடத்தில் போட்டுக் காத்த எலும்பும் சாம்பலும், சம்பந்தர் மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடப் பாட உருக்கொண்டு, உயிரோடு இருந்திருந்தால் எந்த வயதோ அந்த வயதுப் பெண்ணாக எழுகின்றன. சேக்கிழார் இந்தக் கணக்கில் காட்டும் கவனம் எனக்குத் தீராத வியப்பு. உயிரைத் திருப்பித் தருகிற தெய்வம் காலண்டரைத் திருப்பவில்லை. விடுபட்ட வருடங்களை வட்டியோடு கட்டியிருக்கிறது. அடுத்து நடப்பது இன்னும் கறாரானது. இவளை மணந்துகொள்ளுங்கள் என்று சிவநேசர் சம்பந்தரிடம் வேண்டுகிறார். மகள் இறக்கும் முன்பே அவர் நினைத்திருந்ததும் அதுதான். சம்பந்தர் மறுக்கிறார்: நீங்கள் பெற்ற பெண் நஞ்சால் இறந்துவிட்டாள், இவள் இறைவன் அருளால் நான் தோற்றுவித்தவள், எனக்கு மகள் முறை. அற்புதம் நடந்து முடிந்த பிறகும் மரணம் அப்படியே இருக்கிறது. ஒரு கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது.

சைவ சித்தாந்திகளிடம் போனால் இதற்கு அடியில் ஒரு கட்டுமானமே இருப்பது தெரியும். அக்குவினாஸ் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் சொல்லி முடித்த அமைப்பில், பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிரைச் சிவன் படைக்கவில்லை. செம்பில் களிம்புபோல உயிரை ஒட்டியிருக்கும் ஆணவத்தையும் படைக்கவில்லை. முத்தியில்கூட ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமை அடங்கிப் போகிறது. ஞானம் பெற்றவனும் உடலோடு வந்த பிராரத்த வினையைத் தின்றுதான் தீர்க்க வேண்டும். ஒன்றுமில்லாததிலிருந்து உலகத்தை உண்டாக்கும் கடவுளை வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் சர்வவல்லமையின் ஓரம் எங்கே என்ற கேள்வி நெருப்பாய்ச் சுடுகிறது. எப்போதும் தன்னோடு இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருக்கும் கடவுளுக்கு அந்தக் கேள்வி பெரிதாக வலிக்காது. இது சித்தாந்தத்தின் பலமா, அல்லது கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிடும் சாமர்த்தியமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. மாலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் சிவஞானபோதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதில்லை. அவர்களுடைய சிவன் எல்லாம் செய்வார்.

ஜெரோமின் கேள்விக்குத் தமிழில் எழுதப்பட்ட மிகக் கடுமையான பதில் ஒரு சிறுகதை என்று நினைக்கிறேன். 1943இல் வந்த புதுமைப்பித்தனின் சாபவிமோசனம். ராமனின் கால்தூசி பட்டு அகலிகை கல்லிலிருந்து எழுந்துவிட்டாள். கம்பனில் விசுவாமித்திரர் சொல்ல, கௌதமர் ஏற்றுக்கொள்ள, கதை அதோடு மங்கலமாக முடிகிறது. புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். சாபம் போயிற்று, கணவன் மன்னித்தான், தெய்வமே வந்து தொட்டது. ஆனால் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே இன்னொரு பொருள் இருக்குமோ என்று அவள் பயப்படுகிறாள். ஆற்றங்கரையில் மற்றப் பெண்கள் விலகிப் போகிறார்கள். கௌதமருக்கோ தான் சபித்த கணம் விடாமல் கூடவே வருகிறது. மன்னிக்கப்பட்ட இருவர் ஒரு குடிசைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடுகிறார்கள். அப்புறம் வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னிடம் எதையும் கேட்காமல் விடுவித்தவன், மனைவியிடம் நெருப்பைக் கேட்டிருக்கிறான். அகலிகை மறுபடி கல்லாகிறாள். இந்தக் கதையில் ராமனின் வல்லமைக்கு எந்தக் குறையும் இல்லை. கல்லைப் பெண்ணாக்கியது உண்மையான அற்புதம். அது போதவில்லை. உடற்கேட்டையும் மனக்கேட்டையும் நீக்கலாம், கெட்டிருந்தாள் என்பதை நீக்க முடியாது என்று அக்குவினாஸ் இரண்டு வரியில் கடந்துபோன இடம் எப்படிப்பட்ட வீடு, அதில் எப்படிக் குடியிருப்பது என்பதைப் புதுமைப்பித்தன் காட்டுகிறார்.

ஆகவே தாமியான் பக்கம்தான் நிற்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு முழுசாகக் கொடுக்கிற கடவுளைத்தான் வேண்ட வேண்டும் என்று சில நாள் தோன்றும். அப்போது ஒரு விசித்திரமான ஐயம் வந்து வழிமறிக்கும். கடவுள் நேற்றை உண்மையிலேயே அழிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அழித்த மறுகணம், அழிக்கச் சொல்லி வேண்டியவர் இருக்க மாட்டார். இழக்காதவர் எதற்கு வேண்டுவார்? நன்றி சொல்லவும் ஆள் இல்லை, சாட்சியும் இல்லை. இதுவரை ஆயிரம் தடவை அவர் அப்படிச் செய்திருக்கலாம். நமக்குத் தெரிய வழியே கிடையாது. நம் கண்ணில் படுவதெல்லாம் அவர் கொடுக்காமல் விட்ட வேண்டுதல்கள் மட்டும்தான். இது ஆறுதலா கேலியா என்று தெரியவில்லை. அதைவிடக் கடினமானது இன்னொன்று. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் கரையோரத்தில் சுனாமியில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களில் பலர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள். போதும் என்று நிறுத்தியவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சையை இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. சிலருக்கு அதன் பிறகு குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகள் இப்போது வளர்ந்து ஆளாகியிருப்பார்கள். அலை வராமல் இருந்திருந்தால் அவர்கள் இல்லை. போன பிள்ளையின் படத்துக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் மாலை போடும் அந்தத் தாய், அன்று காலையை அழித்துக் கொடு என்று கேட்டால், பக்கத்தில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையையும் சேர்த்து அழிக்கக் கேட்கிறாள். கேட்காமல் இருந்தால் மூத்ததன் சாவுக்கு ஒப்புக்கொண்டதுபோல் ஆகிறது. இந்த இடத்தில் கடவுளுக்கு முடியாதது என்று ஒன்று இருக்கிறதென்றால் அது முரண்பாட்டு விதியின் வறட்டுத்தனம் என்று எனக்கு இப்போது சொல்ல வரவில்லை. அவளுடைய ஆசையே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அக்குவினாஸ் சொன்ன முரண்பாடு புத்தகத்தில் இருப்பதாக நினைத்திருந்தேன். அது ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பிள்ளைகளாக, ஒன்று படத்திலும் ஒன்று பக்கத்திலுமாக இருக்கிறது.

தாமியானின் பிறப்புக் கதையை இந்த நினைப்போடு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1007 வாக்கில் ராவென்னாவில், ஏற்கெனவே பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவர். இன்னொரு வாய் எதற்கு என்ற சலிப்பில் தாய் பால் கொடுக்க மறுத்துவிட்டாள் என்று அவருடைய சீடர் லோதி ஜான் எழுதிய வரலாறு சொல்கிறது. குழந்தை குளிரில் விறைத்துப் போகும் நிலையில் ஒருத்தி வீட்டுக்குள் வந்து தாயைக் கண்டித்து, குழந்தையைச் சூடேற்றி எண்ணெய் தேய்த்துப் பிழைக்க வைக்கிறாள். அவள் ஒரு குருவானவரின் மனைவி. வளர்ந்து துறவியான தாமியான், மணம் செய்துகொண்ட குருமார்களை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார்; அவர்களுடைய மனைவிமாரைப் பற்றி அவர் எழுதிய வசைகள் இன்று படிக்கவே கூசும். திருச்சபையின் கடந்த காலத்திலிருந்து ஒரே ஒரு கறையை எடுத்துவிட அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தால், அநேகமாக இதைத்தான் எடுத்திருப்பார். குருமார் மணம் என்ற ஒன்று நடந்ததே இல்லை என்று கடவுளும் அப்படியே செய்து கொடுத்திருந்தால், அன்று அந்த வீட்டுக்குள் நுழைந்து அந்தத் தாயைத் திட்ட ஆள் இருந்திருக்காது. ரோம் நகரம் இருந்திருக்கும். அதை நிறுவப்படாததாக ஆக்க முடியுமா என்று கேட்ட கடிதம்தான் இருந்திருக்காது.